எதைத் தொலைக்கலாம் என்று அறிந்த நிரல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் பேச வருபவர்கள் பெரும்பாலும் புதியனவற்றைப் பற்றிப் பேசுவார்கள். நான் இருபது வயதைத் தாண்டிய ஒரு நிரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கெர்னலுக்குள் பிஎஃப்சிங்க் என்றொரு பகுதி இருக்கிறது. மொத்தமே சில ஆயிரம் வரிகள். இரண்டு ஃபயர்வால் மெஷின்களை ஒரே நினைவோடு வைத்திருப்பது அதன் வேலை. ஒன்று செத்துப்போனால் மற்றொன்று அதே கணத்தில் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது.

பல ஆண்டுகளாக இந்த ஜோடி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன் நான். அதன் நிரலையும், அதில் அவ்வப்போது செய்யப்பட்ட மாற்றங்களையும் படித்து வந்ததில் ஒரு கருத்து எனக்குள் உறுதிப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் காப்பாற்ற முயலும் ஒத்திசைவு நடைமுறையில் நிற்காது. எதைத் தொலைத்தாலும் சமாளிக்கலாம், எதைத் தொலைக்கவே கூடாது என்ற பிரிப்பில்தான் இந்த நிரலின் அறிவெல்லாம் இருக்கிறது. பராமரிப்பு என்று நாம் சொல்வது, அந்தப் பிரிப்புக்கான காரணங்களை ஆள் மாறினாலும், ஆண்டு மாறினாலும், ப்ராசசர் மாறினாலும் கைவிடாமல் கொண்டுபோவது. அதைத்தான் இன்று விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஃபயர்வாலுக்கு நினைவு எதற்கு என்ற கேள்வி. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். மூன்றாம் மாடி அம்மா தண்ணீர் கேனுக்குச் சொல்லியிருப்பது அவருக்குத் தெரியும். அதனால் கேன்காரர் வந்ததும் விசாரணை இல்லாமல் உள்ளே விடுகிறார். சொல்லாமல் வருபவரை நிறுத்துகிறார். பகல் காவலாளி போய் இரவுக் காவலாளி வந்ததும், இவருக்கு விஷயம் தெரியாததால் கேன்காரர் வாசலிலேயே நிற்க வேண்டியதாகிறது. ஃபயர்வாலும் இப்படித்தான். உள்ளிருந்து ஒரு கணினி வெளியே ஒரு சர்வரோடு பேசத் தொடங்கினால், அந்த உரையாடலை ஒரு ஸ்டேட் ஆகப் பதிந்துகொள்கிறது. பதில் பாக்கெட் வரும்போது விதிகளை மறுபடி முதலிலிருந்து படிக்காமல், அந்தப் பதிவைப் பார்த்தே உள்ளே விடுகிறது.

அந்தப் பதிவில் இரு பக்கத்து முகவரிகள், போர்ட் எண்கள், டிசிபி உரையாடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற விவரம், இருதரப்பும் அனுப்பும் வரிசை எண்கள் எந்த வரம்புக்குள் நகரலாம் என்ற கணக்கு எல்லாம் உண்டு. ஓப்பன்பிஎஸ்டியின் பாக்கெட் ஃபில்டரான பிஎஃப், இப்போது இயல்பாக ஒரு லட்சம் ஸ்டேட் வரை வைத்துக்கொள்கிறது. இவை சமநிலை மரமாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு லட்சத்தில் ஒன்றைத் தேடிப் பிடிக்கச் சில பத்து ஒப்பீடுகளுக்குள் முடிந்துவிடுகிறது. பிஎஃப்பை எழுதிய டேனியல் ஹார்ட்மையர் 2002-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வைத்த கட்டுரையில், ஸ்டேட்டைத் தேடுவது விதிகளை வரிசையாகப் படிப்பதைவிட வேகமானது என்று அளந்து காட்டியிருந்தார். நினைவு வைத்துக்கொள்வது பாதுகாப்புக்கும் நல்லது, வேகத்துக்கும் நல்லது. ஆனால் நினைவு இருக்கும் மெஷின் நின்றுபோனால், அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த எல்லா உரையாடலும் அறுந்துவிடும். நிலைபெற்ற ஒரு டிசிபி தொடர்பை, இருதரப்பும் மௌனமாக இருந்தாலும், பிஎஃப் 24 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். ஒருவர் காலையில் திறந்து மாலை வரை பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அந்த நினைவை நம்பித்தான் நிற்கிறது.

பிஎஃப் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு பராமரிப்புக் கதைதான். 2001 வரை ஓப்பன்பிஎஸ்டியில் இருந்தது டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டர். அதன் லைசென்ஸ், மாற்றி வெளியிடும் உரிமையைத் தரவில்லை என்ற தகராறு எழுந்ததும், 2001 மே மாதம் அதை அப்படியே தூக்கிவிட்டார்கள். கையில் மாற்று எதுவும் இல்லாமல், ஃபயர்வாலே இல்லாத ஒரு இயங்குதளமாகச் சில வாரம் நின்றார்கள். ஜூன் மாதம் ஹார்ட்மையரின் நிரல் உள்ளே வந்தது. டிசம்பர் 1 அன்று வெளியான 3.0 பதிப்பில் பிஎஃப் இருந்தது. தாங்கள் திருத்த முடியாத ஒன்றைத் தாங்கள் பராமரிக்க முடியாது என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்தது இரட்டை மெஷின். 2003 மே மாதம் வந்த 3.3 பதிப்பில் பிஎஃப்சிங்க் தலைகாட்டியது. அந்த வசந்தத்தில்தான் அமெரிக்க ராணுவ ஆய்வு நிறுவனமான டார்பா, ஓப்பன்பிஎஸ்டிக்குப் பயன்பட்டுவந்த 23 லட்சம் டாலர் ஆய்வு நிதியைப் பாதியில் நிறுத்தியது. பணம் நின்றது, பதிப்பு தேதி தவறாமல் வந்தது. 2004 மே மாதம் 3.5 பதிப்பில் கார்ப் வந்தது. இரண்டு மெஷின்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொண்டு, ஒன்று விழுந்தால் மற்றது அந்த முகவரியை எடுத்துக்கொள்வதற்கான நெறிமுறை அது. அந்தக் காரியத்துக்கு விஆர்ஆர்பி என்ற தரநிலை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது தன் பேட்டன்ட்டுக்குள் வருகிறது என்று சிஸ்கோ சொன்னதால், ஓப்பன்பிஎஸ்டியினர் தாங்களே வேறொன்றை வடிவமைத்தார்கள். அதற்கு அதிகாரபூர்வமான நெறிமுறை எண் கிடைக்காமல், விஆர்ஆர்பியின் 112-ஐயே எடுத்துக்கொண்டார்கள். பிஎஃப்சிங்குக்கு 240 என்று வைத்தார்கள். இன்றும் அந்த எண்கள்தான் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனி நிரலுக்குள் போவோம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

முதல் மெஷினில் ஒரு ஸ்டேட் மாறியதும் இரண்டாவதுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஸ்டேட் மாறுகிறது, வரிசை எண் நகர்ந்துகொண்டே இருப்பதால். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு செய்தி அனுப்பினால், ஒத்திசைவுக் கம்பியில் ஓடும் பாரம் உண்மையான போக்குவரத்துக்குச் சமமாகிவிடும். எனவே பிஎஃப்சிங்க் காத்திருக்கிறது. ஒரே ஸ்டேட்டின் பல மாற்றங்களை ஒன்றாக்கி, பல ஸ்டேட்களை ஒரே பாக்கெட்டில் அடுக்கி, பாக்கெட் நிரம்பியதும் அனுப்புகிறது. நிரம்பாவிட்டால் ஒரு நொடி கழிந்ததும் அனுப்புகிறது. அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்ததா என்று சாதாரணமாகக் கேட்பதில்லை. ஒன்று வழியில் தொலைந்தால், அதே ஸ்டேட்டைப் பற்றிய அடுத்த செய்தி வரும்போது சரியாகிவிடும்.

ஒரு நொடி தாமதம் என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். மெதுவாகப் போகும் எஸ்எஸ்ஹெச் உரையாடலில் ஒரு நொடியில் சில எழுத்துகள்தான் நகர்ந்திருக்கும். ஆனால் கிகாபிட் வேகத்தில் ஒரு ஃபைலை இறக்கினால் ஒரே நொடியில் ஏறத்தாழ 12 கோடி பைட் போயிருக்கும். இரண்டாம் மெஷின் வைத்திருக்கும் வரிசை எண் அவ்வளவு தூரம் பின்தங்கினால், பொறுப்பேற்றவுடன் வரும் பாக்கெட்டை "இது வரம்புக்கு வெளியே" என்று அது தூக்கி எறிந்துவிடும். அதற்காகவே இன்னொரு எண் வைத்திருக்கிறார்கள்: 128. ஒரே டிசிபி ஸ்டேட் 128 முறை மாறிவிட்டால், நொடி முடியும்வரை காத்திராமல் உடனே செய்தி போய்விடும். 128 பாக்கெட் என்றால், ஒவ்வொன்றிலும் 1460 பைட் தரவு என்று வைத்தாலும், மிஞ்சிப்போனால் ஏறத்தாழ 1,87,000 பைட். பின்தங்கல் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இப்படி ஒரு கட்டு விழுகிறது. மெதுவான உரையாடலை நேரம் கட்டுப்படுத்துகிறது. வேகமானதை எண்ணிக்கை கட்டுப்படுத்துகிறது.

மறுபக்கம், பிஎஃப் வரிசை எண்ணைச் சரிபார்க்கும் இடத்திலும் ஒரு தளர்வு இருக்கிறது. கண்டிப்பான சோதனையில் தவறும் பாக்கெட்டுக்கு, உரையாடலின் சில கட்டங்களில், இரண்டாவதாக ஒரு சோதனை உண்டு. அங்கே வரம்பை 65,535 உடன் 1500 சேர்த்த அளவுக்கு அகலமாக்கிப் பார்க்கிறார்கள். அந்த 1500 ஒரு தோராயச் சேர்க்கைதான் என்று எழுதியவர் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார். மாணவர்களே, அந்த ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னால் வருபவர் அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதோ ஆழமான கணக்கு இருக்கிறது என்று பயந்து கை வைக்காமல் போகக்கூடாது. அதே சமயம் தேவையில்லாதது என்று நீக்கிவிடவும் கூடாது. இரண்டையும் அந்த அரை வரி தடுக்கிறது.

தொலைக்கவே கூடாதது எது? காலம் பின்னோக்கிப் போகக்கூடாது. டிசிபி உரையாடல் ஒன்று முடிவுக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று இரண்டாம் மெஷினுக்குத் தெரிந்த பிறகு, வழியில் தாமதமான ஒரு பழைய செய்தி வந்து "இப்போதுதான் தொடங்கியிருக்கிறது" என்று சொன்னால் அதை நம்பக்கூடாது. நிலையும் பின்வாங்கக்கூடாது, வரிசை எண்ணின் வரம்பும் பின்வாங்கக்கூடாது. அப்படி ஒரு செய்தி வந்தால், பெற்ற மெஷின் அதை ஒதுக்குவதோடு நிற்காமல், "உன்னிடம் இருப்பது பழையது, என்னிடம் இருப்பது இது" என்று தன் பதிவைத் திருப்பி அனுப்புகிறது. தொலைந்த செய்தியைத் தாங்கிக்கொள்ளும் நிரல், பழைய செய்தியைத் தாங்கிக்கொள்வதில்லை. முதலாவது தானாகவே ஆறிவிடும். இரண்டாவது நல்ல பதிவையும் கெடுத்துவிடும்.

இன்னொரு இடம். விழுந்த மெஷின் சரியாகித் திரும்பி வருகிறது. அதன் ஸ்டேட் பட்டியல் காலி. கார்ப் விதிப்படி அதற்கு முன்னுரிமை தந்திருந்தால், உடனே முகவரியைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். போய்க்கொண்டிருக்கும் உரையாடல்கள் அத்தனையும் அறுந்துபோகும். எனவே பிஎஃப்சிங்க் முதலில் அதன் கார்ப் தகுதியைத் தானே குறைத்துவைக்கிறது. பிறகு மற்ற மெஷினிடம் முழுப் பட்டியலையும் கேட்கிறது. பட்டியல் முழுதும் வந்து சேர்ந்த பிறகுதான் தகுதியை ஏற்றுகிறது. பட்டியல் வரவே இல்லை என்றால்? 12 முறை கேட்டுப் பார்க்கும். அதற்குப் பிறகும் வராவிட்டால், இருப்பதை வைத்துக்கொண்டு பொறுப்பேற்கத் தயாராகிவிடும். நினைவு குறைவான காவல், காவலே இல்லாததைவிட மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த முடிவோடு ஒருவர் முரண்படலாம். ஆனால் யாரோ யோசித்து எடுத்த முடிவு இது என்பதும், எந்த வரியில் எடுக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரிகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் சிரமமில்லை. பழைய மெஷின் இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நெட்வொர்க் கார்டு, நடுவே ஒத்திசைவுக்கு ஒரு நேரடிக் கேபிள், இது போதும். உள்பக்கத்து லேப்டாப்பில் ஒரு பெரிய ஃபைலை இறக்கத் தொடங்குங்கள். இரண்டாம் மெஷினில் ஒத்திசைவுக் கேபிள் மாட்டிய இன்டர்ஃபேஸை டிசிபிடம்ப் என்ற கருவி போட்டுத் திறந்து வையுங்கள். திரையில் வரிகள் ஓடும். ஒரே ஸ்டேட்டின் மாற்றம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். முதல் மெஷினின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். லேப்டாப்பில் வேகம் பூஜ்யத்துக்கு விழும். கார்ப் நொடிக்கு ஒருமுறை இருப்பை அறிவிக்கும். மூன்று அறிவிப்பு வராவிட்டால்தான் மற்றது பொறுப்பேற்கும். எனவே மூன்று நொடிக்குச் சற்று மேலே ஆகும். பிறகு, விட்ட இடத்திலிருந்து பைட் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த மீட்சியைப் பார்க்கையில் எனக்கு மகிழ்ச்சிதான். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு மெஷினும் மாதக்கணக்கில் பச்சை விளக்கோடு நின்றிருந்தன. நடுவேயிருந்த ஒத்திசைவுக் கேபிள் மட்டும் ஒரு முனையில் கழன்று கிடந்தது. கம்பியைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

2009-க்கு வருகிறேன். அதுவரை பிஎஃப்சிங்க், ஒரு மெஷின் வேலை செய்யும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டேவிட் க்வின், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைப்பதைத் தன் ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். சிக்கல் இதுதான்: ஒரு கணினியின் கேள்வி முதல் மெஷின் வழியாகப் போகிறது, பதில் இரண்டாம் மெஷின் வழியாக வருகிறது. முதலாவதுக்குக் கேள்விப் பக்கத்து வரிசை எண் மட்டும் புதிதாகத் தெரியும். இரண்டாவதுக்குப் பதில் பக்கத்தது மட்டும். இரண்டும் செய்தி பரிமாறும்போது, ஒவ்வொன்றும் மற்றதன் பதிவில் பாதி பழையதாக இருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடும். தன்னுடையதைத் திருப்பி அனுப்பும். அதையும் மற்றது ஒதுக்கும். காலம் பின்னோக்கிப் போகக்கூடாது என்ற நல்ல விதியே இங்கே முட்டுக்கட்டையாகிவிட்டது.

அவர் விதியைத் தளர்த்தவில்லை. பதிவைப் பாதியாகப் பிரித்தார். அனுப்புபவர் பக்கத்தைத் தனியாகவும் பெறுபவர் பக்கத்தைத் தனியாகவும் ஒப்பிட்டு, எந்தப் பாதி புதியதோ அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளச் செய்தார். இரண்டு மெஷினிலும் இருக்கும் புதிய பாதிகள் சேர்ந்து முழுமையான பதிவாகிவிடுகின்றன. பிரச்சினையைச் சரியான இடத்தில் வெட்டினால் விதிவிலக்குகள் தேவைப்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. முதல் மெஷின் வழியாகத் தொடக்கப் பாக்கெட் போய், அதன் பதில் இரண்டாம் மெஷினுக்கு வந்துவிடுகிறது; ஆனால் ஸ்டேட் பற்றிய செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாம் மெஷின் அந்தப் பதிலைத் தடுத்துவிடும். இதற்காக ஒரு தேர்வு வைத்தார்கள். முதல் பாக்கெட்டைக் கொஞ்சம் பிடித்துவைத்து, "ஸ்டேட் வந்துவிட்டது" என்று மற்ற மெஷின் சொன்ன பிறகு விடுவது. 20 மில்லிநொடிக்குள் சொல்லாவிட்டாலும் விட்டுவிடுவது. ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புதல் கேட்காத நிரல், இந்த ஒரே இடத்தில் கேட்கிறது. கேட்டதிலும் காத்திருப்புக்கு எல்லை போட்டிருக்கிறது.

பதினான்கு ஆண்டு கழித்து, 2023-இல், அதே க்வின் பிஎஃப்சிங்கை மறுபடி பெருமளவில் எழுதினார். இம்முறை காரணம் வேறு. 2004 நவம்பரில் வந்த 3.6 பதிப்பில்தான் சாதாரண பிசி வகை மெஷின்களில் பல ப்ராசசர்களைப் பயன்படுத்தும் வசதி ஓப்பன்பிஎஸ்டிக்கு வந்தது. தொடக்கத்தில் கெர்னல் முழுமைக்கும் ஒரே ஒரு பூட்டு. எந்த ப்ராசசர் கெர்னலுக்குள் நுழைந்தாலும் மற்றவை வெளியே நிற்க வேண்டும். அந்தப் பெரிய பூட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. நெட்வொர்க் பகுதியும் பிஎஃப்பும் தனித்தனிப் பூட்டுக்கு நகர்ந்தன. அந்த வேலைக்கு பிஎஃப்சிங்க் தடையாக நின்றது.

ஏன் என்று புரிந்துகொள்வது பயனுள்ளது. ஒரு பாக்கெட்டைப் பரிசோதிக்கும் பிஎஃப், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே "இந்த ஸ்டேட் மாறிவிட்டது" என்று பிஎஃப்சிங்கைக் கூப்பிடுகிறது. அந்த நேரம் பார்த்து அனுப்ப வேண்டிய பாக்கெட் நிரம்பிவிட்டால், பிஎஃப்சிங்க் அதை நெட்வொர்க்குக்கு அனுப்ப வேண்டும். வெளியே போகும் எந்தப் பாக்கெட்டும் பிஎஃப் வழியாகத்தான் போகும். பிஎஃப்போ பூட்டைப் பிடித்தபடி நிற்கிறது. இன்னொரு ப்ராசசரில் காலாவதியான ஸ்டேட்களைக் களையும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது களையும் ஸ்டேட், இங்கே அனுப்பும் வரிசையில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அழித்த நினைவகத்தை யாராவது தொட்டால் கெர்னலே விழும். இரட்டை மெஷின் வைப்பதே விழாமல் இருப்பதற்காகத்தானே! இந்த இடங்களில் அவ்வப்போது ஒட்டுப்போட்டுச் சமாளித்து வந்தார்கள். ஒட்டுகள் பெருகியதும் அடித்தளத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

புதிய அமைப்பில் பிஎஃப்சிங்குக்குச் சொந்தப் பூட்டுகள் வந்தன. அனுப்பும் வரிசை ஒன்றாக இல்லாமல் பல துண்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பூட்டு. அனுப்பும் வேலை உடனே நடக்காமல், பூட்டுகளை எல்லாம் விட்ட பிறகு தனியாக நடக்கும்படி ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 7.4 பதிப்பில் இது வெளியானது. உள்ளே இவ்வளவு மாறியும், கம்பியில் போகும் செய்தியின் வடிவத்தை மாற்றவில்லை.

வடிவத்தைக் காப்பாற்றியது ஏன் முக்கியம்? ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. இரட்டை ஃபயர்வால் வைத்திருப்பவர், இரண்டாவதை முதலில் புதுப்பித்து, பொறுப்பை அதற்கு மாற்றி, பிறகு முதலாவதைப் புதுப்பிப்பார். அந்த இடைவேளையில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். பேசாவிட்டால் புதுப்பிக்கும் நாளில் எல்லா உரையாடலும் அறுபடும். பிறகு யாரும் நேரத்துக்குப் புதுப்பிக்க மாட்டார்கள். பாதுகாப்புக்காகவே வாங்கிய மெஷின் பழைய ஓட்டைகளோடு நிற்கும். செய்தி வடிவத்தை நிலையாக வைத்தால், ஆயிரம் மைல் தள்ளி யாரோ ஒரு நிர்வாகி பயமில்லாமல் வேலை நாளிலேயே புதுப்பிக்க முடிகிறது.

மற்றோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி இதே கேள்விக்கு வேறு விடை கண்டிருக்கிறது. பிஎஃப் அங்கே 2004-இல் 5.3 பதிப்பில் போனது. பிறகு தன் போக்கில் வளர்ந்தது. பல ப்ராசசருக்கு ஏற்ப அவர்கள் பூட்டுகளைப் பிரித்தது 10 ஆம் பதிப்பிலேயே, 2014-இல். அந்த வகையில் ஓப்பன்பிஎஸ்டிக்கு முன்னோடி. செய்தி வடிவத்தை மாற்ற வேண்டி வந்தபோது, எந்தப் பதிப்பின் வடிவத்தில் பேசுவது என்று நிர்வாகியே தேர்ந்தெடுக்கும் அமைப்பை 14 ஆம் பதிப்பில் வைத்தார்கள். நம் ஊர்க் கல்லூரிகளிலும் சிறு அலுவலகங்களிலும் பிஎஃப்சென்ஸ், ஓப்பிஎன்சென்ஸ் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஃப்தான். அவற்றில் ஜோடி அமைப்பு வைத்தால் ஓடுவது இந்த பிஎஃப்சிங்கின் உறவினர்தான்.

நம்பிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிஎஃப்சிங்க் செய்திகளுக்குக் கடவுச்சொல்லோ கையொப்பமோ கிடையாது. அந்தக் கம்பியில் கை வைப்பவர் தனக்கு வேண்டிய ஸ்டேட்டை ஃபயர்வாலுக்குள் திணித்துவிடலாம். பாக்கெட்டின் டிடிஎல், அதாவது ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண், 255 ஆக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரூட்டர் ஒன்றைத் தாண்டி வந்த போலி இதனால் அடிபடும். ஆனால் அதே கம்பியில் இருப்பவரை இது தடுக்காது. எனவே இரண்டு மெஷினுக்கும் நடுவே நேரடிக் கேபிள் போடுங்கள், அல்லது ஐபிசெக் வழியாக அனுப்புங்கள் என்று கையேடே சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு உண்டு. செய்தி ஒவ்வொன்றுக்கும் குறியாக்கம் சேர்த்தால் நிரல் வீங்கும். பிழை நுழையும் இடங்கள் கூடும். எதைத் தான் செய்யவில்லை என்று நேராகச் சொல்லும் நிரலை நம்பி வடிவமைக்க முடிகிறது.

இரண்டு மெஷினிலும் விதிகள் ஒன்றாக இல்லாதபோது என்ன செய்வது என்பதையும் பாருங்கள். ஸ்டேட் எந்த விதியால் உண்டானது என்பதும் செய்தியில் விதி எண்ணாக வருகிறது. இரண்டு மெஷினின் விதித் தொகுப்புக்கும் சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போனால்தான் அந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. ஒத்துப்போகாவிட்டால், ஸ்டேட்டை ஏற்றுக்கொண்டு, இயல்பான விதியோடு இணைத்துவிடுகிறது. உரையாடல் பிழைக்கும், அந்த விதிக்குரிய கணக்கும் தனிச் சலுகைகளும் தொலையும். இங்கேயும் அதே பிரிப்புதான்.

இத்தனை நுணுக்கத்தையும் காப்பவர்கள் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள்? ஓப்பன்பிஎஸ்டியைத் தியோ டி ராட் 1995-இல் கனடாவின் கால்கரியிலிருந்து தொடங்கினார். இன்றும் மையம் அங்கேதான். 2014 ஜனவரியில், பதிப்புகளை உருவாக்கும் மெஷின்களுக்கான மின்கட்டணம், ஆண்டுக்கு 20,000 டாலர், கட்ட முடியாமல் பகிரங்கமாக உதவி கேட்டார்கள். உலகெங்கும் சர்வர்களில் நுழையும் வாசலாக இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இவர்களுடையது. அதைப் பயன்படுத்திக் கோடிகோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இருக்கும் உலகில், கரண்ட் பில்லுக்குக் கையேந்த வேண்டியிருந்தது. எனக்கு அது அன்றும் கோபம், இன்றும் கோபம். நன்கொடைகள் வந்தன, பிழைத்தார்கள். ஆனால் நன்கொடையை மட்டும் நம்பி ஒரு பொது அமைப்பு நிற்பது நல்ல ஏற்பாடு ஆகாது. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தாங்கள் பயன்படுத்தும் திறந்த நிரல்களுக்கு வருடாந்தரப் பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். லைசென்ஸ் கட்டணம் இல்லாததால் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

பணத்தைவிட அரிதானது ஆள். 2009-இல் பதிவைப் பாதியாகப் பிரித்தவரே 2023-இல் பூட்டுகளையும் பிரித்தார். பழைய முடிவு ஒவ்வொன்றுக்கும் காரணம் அவர் தலையில் இருந்தது. எல்லா நிரலுக்கும் இந்த வாய்ப்பு அமையாது. அதனால்தான் மாற்றத்தோடு சேர்த்து எழுதப்படும் விளக்கக் குறிப்பை நான் நிரலுக்குச் சமமாக மதிக்கிறேன். ஓப்பன்பிஎஸ்டியின் மாற்ற வரலாறு 1995 வரை திறந்தே கிடக்கிறது. எந்த வரி எப்போது, யாரால், ஏன் வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் புதிதாக ஒன்றைக் கட்டச் சொல்கிறோம். சிலருக்காவது, இருக்கும் ஒரு நிரலில் ஒரே ஒரு எண் ஏன் அந்த மதிப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதும் வேலையைக் கொடுங்கள். 128 ஏன் 128? 12 ஏன் 12? அதை மாற்றி, மின்கம்பியைப் பிடுங்கி, என்ன உடைகிறது என்று அளந்து எழுதினால் அது நல்ல ஆய்வேடு.

தொடங்குவதற்கு ஒரு இடமும் சொல்லிவிடுகிறேன். ஜோடி மெஷினில் நெட்ஸ்டாட் கட்டளையில் பிஎஃப்சிங்குக்கான புள்ளிவிவரத்தைக் கேளுங்கள். பல வரிகள் வரும்: தவறான டிடிஎல்லால் ஒதுக்கியவை, பதிப்பு பொருந்தாதவை, தேடிக் கிடைக்காத ஸ்டேட்கள். அவற்றுள் பழைய ஸ்டேட் என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். ஒரு மெஷின் மட்டும் வேலை செய்யும் அமைப்பில் அந்த எண் அநேகமாக அசையாமல் இருக்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால், எங்கோ இரண்டு மெஷினும் ஒரே உரையாடலைத் தனித்தனியாகப் பார்க்கின்றன என்று பொருள். ரூட்டிங்கையோ சுவிட்சையோ போய்ப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் நிரலைத் திறந்து, அந்த எண்ணை ஏற்றும் வரியைத் தேடி, அதற்கு மேலே உள்ள நிபந்தனையைப் படியுங்கள். அதில் பிழை கண்டால், திருத்தத்தோடு காரணத்தையும் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள்.